பிரஸ்ஸுக்குள் வந்த ஆறுமணிக்குருவி

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை சின்னது. அதில் இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பிரஸ் ஒன்று உண்டு. போன வருஷம் அதுதான் அண்ணனின் வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் வாங்கிக்கொண்டது. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அந்த பிரஸ்ஸை எனக்கு முன்னால் ஓட்டியவர். அதன்பிறகு பேக்கிங் பக்கம் போய்விட்டார். டீக்குப் போனால்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். "சூடு கண்ட பூனைடா, அடுப்பங்கரை போகாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கண் மட்டும் பிரஸ்ஸின் வாயை விட்டு நகராது.

இந்த ஆயுதபூஜைக்கு மிஷின்களைத் துடைத்து, ஆளாளுக்குப் பொட்டு வைத்தோம். அண்ணன் வைக்கவில்லை. பொட்டு வைக்கிற விரலே போய்விட்டதே என்று நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் ஓனர் கன்னடக்காரர். எங்களோடு கலந்துகட்டிப் பேசுவார். "பிரஸ்ஸுக்கு ஒரு நிம்பேஹண்ணு கொடுத்தே ஆகணும்ப்பா" என்றார். வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம் இல்லையா, அதுபோல அச்சுக்கு நடுவே பழத்தை வைத்து ஒரே அடி. திருஷ்டி கழியும்.

பழத்தை வைத்துவிட்டு, பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்குப் போனோம். திரும்பி வந்து மோட்டாரைப் போட்டேன். பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் சாமந்தி மாலை திரைபோலத் தொங்கியது. மிதியில் கால் வைத்தேன்.

"காலை எடுடா!"

பக்கவாட்டில் நின்றிருந்த அண்ணன்தான் கத்தினார். பதறிப் பின்வாங்கினேன்.

"ஏனாய்த்து?" என்றார் ஓனர். "ராகு காலம் வந்துடும்ப்பா."

"உள்ள உசுரு இருக்கு சார்."

மாலையை விலக்கினேன். பழத்துக்குப் பக்கத்தில் ஒரு பறவை ஒடுங்கியிருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலத் தீற்று, கண்ணோரம் மை இழுத்ததுபோல் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லத்தான், வெட்டிவிட்டதுபோல் குட்டை. காக்கை, புறா, பருந்து தவிர பீன்யாவில் நான் வேறு எதைக் கண்டேன்!

மோட்டாரை அணைத்தேன். ஆனால் பிரஸ்ஸின் பெரிய சக்கரம் உடனே நிற்காது. அது நிற்கும்வரை யாரும் உள்ளே கை விடக் கூடாது.

"சக்கரம் நின்னுடட்டும்ணே" என்றேன்.

அதற்குள் பறவை பயந்து மேல் அச்சின் நிழலுக்குள் இன்னும் நகர்ந்தது. அண்ணன் காத்திருக்கவில்லை. வலது கையைத்தான் விட்டார். பேக்கிங்கில் அவரோடு வேலை செய்யும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று விரலுக்குள் அண்ணன் பறவையைப் பொத்தி வெளியே எடுத்தார். அப்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் கட்டிய வாழைமரத்தடியில் விட்டார். வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, காம்பவுண்டுக்குப் பின்னால் மாமரத்துக்குத் தத்திப் போனது. ஆறுமணிக்குருவி என்று பெயராம், பிறகு போனில் தேடித் தெரிந்துகொண்டேன். குளிருக்கு வடக்கிலிருந்து ராத்திரியெல்லாம் பறந்து வருமாம். களைத்துப்போனால் கிடைத்த இடத்தில் இறங்கிவிடுமாம்.

"சரி, ஹண்ணை அடிச்சிடலாமா?" என்றார் ஓனர், மெதுவாக.

"வேணாம் சார். அது ஏற்கெனவே வாங்கிக்கிச்சு" என்றார் அண்ணன்.

ஓனர் தானே பழத்தை எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பூஜை விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தபோது, நான் பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டின் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கோணலாக, கட்டைவிரல் அகலத்தில்.