ஓர் அங்குலம் உள்ளே

எங்கள் சபையின் டெய்லருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு துயரம் வந்தது. மனந்திரும்ப அவரிடம் பாவமே இல்லை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. "நாளைக்கு ரெடியாயிடும்" என்று தினமும் சொல்வார். தையல் தொழிலில் அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

முப்பது வருடமாக இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தும், அவருக்காக ஒருவர் கண்ணிலும் சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. மச்சினனுக்காக வந்தது. மனைவியின் தம்பி, வேன் டிரைவர். இருபது வருடம் குடித்துச் சாக்கடையோரம் கிடந்தவன், போன வருடம் குடியை விட்டான். அன்றிலிருந்து வாராவாரம் ஆராதனையில் எழுந்து நின்று, தான் திருந்திய கதையைச் சாட்சி சொல்கிறான். முடிக்கும்போது இரண்டு கைகளையும் மேலே தூக்கி "ஸ்தோத்திரம்!" என்பான். சபை விம்மும். டெய்லரின் சொந்த மனைவியே கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவாள். டெய்லருக்கு வயிறு பற்றி எரியும்.

பொறுக்க முடியாமல் போதகரிடம் போனார்.

"ஐயா, இந்த வாரம் நான் சாட்சி சொல்றேன்."

"தாராளமா. என்ன சொல்லப் போறீங்க?"

"நான் ஒரு தப்பும் பண்ணலைன்னு."

போதகர் யோசித்தார். "அதுக்கு அரை நிமிஷம் போதுமே?"

அந்தப் புண் ஆறுவதற்குள் மச்சினன் துணியோடு கடைக்கு வந்தான். "மாமா, பெரிய கூட்டத்துல பேசச் சொல்லியிருக்காங்க. உங்க கையால ஒரு வெள்ளைச் சட்டை!"

அளவைச் சரியாகத்தான் எடுத்தார். நோட்டில் சரியாகத்தான் எழுதினார். கத்தரிக்கோல்தான் அக்குள் பக்கம் ஓர் அங்குலம் உள்ளே போயிற்று. தானாகப் போகவில்லை. கையைத் தூக்காதவரை அது உலகத்திலேயே நல்ல சட்டை.

கூட்டத்தில், டெய்லரும் பார்த்துக்கொண்டிருக்க, மச்சினன் கையைத் தூக்கினான். தோள்வரை போன கை அங்கேயே நின்றது. எக்கினான். 'டர்ர்' என்ற சத்தம் மைக்கில் கணீரென்று கேட்டது. சபை சிரித்தது.

அவனும் சிரித்தான். "எங்க மாமா தையல்ல குறையே வராது. குடியை விட்டதும் நான்தான் பெருத்துட்டேன். ஸ்தோத்திரம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாருங்கள், கிழிசல்கூட அவனுக்கே ஆதாயம்!

மறுநாள் காலை கடைக்கு வந்தான். "பெருத்த உடம்பை மறுபடி அளந்துடுங்க மாமா."

டெய்லர் டேப்பைச் சுற்றினார். நோட்டில் இருந்த அதே அளவு. "ஆமாண்டா, பெருத்துட்டே" என்றால் போதும், நம்பிவிடுவான். டேப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பாவம் இல்லையே என்று ஏங்கியவருக்குக் கைக்கு அடக்கமாக ஒன்று வாய்த்திருந்தது. இப்போது பார்த்து அதை வெளியே எடுக்கக் கூச்சம்.

"நீ பெருக்கலடா."

"அப்புறம்?"

"நான்தான் வேணும்னே குறைச்சு வெட்டினேன். உன்மேல வயித்தெரிச்சல்."

சிரித்துவிடுவான் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கிழிந்த சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பெருமையாப் பேசினேன். அப்பவும் கம்முன்னுதானே இருந்தீங்க?"

"ஆமா. மன்னிச்சுடு."

"மன்னிச்சுட்டேன்னு டக்குனு சொல்லிடுவேன் மாமா, எனக்கு அது பழக்கம். ஆனா மனசுல இன்னும் வரல. கொஞ்ச நேரம் ஆகும்."

டெய்லர் மெஷின் பக்கம் போகாமல் எதிரில் உட்கார்ந்தார். சட்டை வாங்க வந்தவரைக் கையசைத்தே திருப்பி அனுப்பினார். சபையில் முழங்காலில் நிற்பது இதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

பகல் ஒரு மணிக்கு மச்சினன் எழுந்தான். இரண்டு கைகளையும் அகல விரித்து அவர் முன்னால் நின்றான்.

"சரி, அளவெடுங்க."