தங்கமணியின் வண்டிக்குச் சார்ஜ் போடாத நாட்கள்

போன வாரம் வீட்டில் புது இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக் வாசம் பரவியது. "இது ஏஜிஎம் பேட்டரிங்க. தண்ணி ஊத்தற வேலையே இல்லீங்க. காலியா மட்டும் நிக்க உட்றாதீங்க" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். எப்படித் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு அனுப்பர்பாளையத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் தங்கமணி. கணியூர்க்காரி. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். பனியன் கம்பெனியில் நானும் அவளும் செக்கிங். என் மொபெட்டில்தான் வேலைக்கு வருவாள். ஏறவும் இறங்கவும் யாராவது தூக்க வேண்டும். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "வலியெல்லாம் இல்லீங்க்கா. வேடிக்க பாக்கறவங்க மூஞ்சியப் பாக்க வேண்டாம்னுதான்" என்றாள்.

பிறகு அவளுக்குப் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி கிடைத்தது. நாங்கள் அதை வண்டி என்றுதான் சொல்வோம். கொண்டுவந்த மெக்கானிக் சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு பேட்டரிகளைக் காட்டினார். உள்ளே ஆசிட் தளும்பாதாம், கண்ணாடி நார் விரிப்பு அதை உறிஞ்சி வைத்திருக்குமாம். சாயத்தில் ஊறிய பனியன் துணி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் பனியனில்தான் போய் முடியும். பாதிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது, ஓட்டிய அன்றே சார்ஜ் போட வேண்டும், பச்சை விளக்கு எரியும்வரை பிடுங்கக் கூடாது, இந்தச் சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது என்றார். தங்கமணி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. "அக்கா, நான் பூண்டிக் கோயிலுக்குத் தனியா வந்துட்டனுங்க்கா!" பின்னால் அந்த ஊர்ச் சிற்பிகள் கல் கொத்தும் சத்தம். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அவள் அம்மா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளக் கணியூருக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் வண்டி ஏறாது. "ஓட்டாம நின்னாலும் சார்ஜ் எறங்குமாமுங்க. மாசத்துக்கு ஒருக்கா மறக்காமப் போட்டு உடுங்க்கா" என்று என் வாசலில் விட்டுப் போனாள்.

முதல் மாதம் போட்டேன். பிறகு என் பிள்ளைகள் காம்பவுண்டுக்குள் ஓட்டி ஓட்டிக் காலியாக்கினார்கள். அன்றே போட்டிருக்க வேண்டும். வாசலில் இருந்த ஒரே பிளக்கில் வாஷிங் மெஷினை மாட்டியிருந்தேன். நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். பத்தடி தூரத்திலிருந்தே பனியனில் எண்ணெய்க் கறையைக் கண்டுபிடிக்கிறவள் என்று பேர் வாங்கியவள் நான், வாசலில் நின்ற வண்டி கண்ணில் படவில்லை. நாலு மாதம் போய்விட்டது.

"வண்டி நல்லா இருக்குதுங்களா?" என்று போனில் கேட்பாள்.

"அதுக்கென்ன கண்ணு, ஜம்முனு நிக்குது" என்பேன்.

அவள் திரும்பி வருவதாகச் சொன்ன பிறகுதான் சார்ஜரை மாட்டினேன். விளக்கே எரியவில்லை. பதறிப்போய் தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் பேட்டரிக்குப் போடும் பழைய சார்ஜரை வாங்கிவந்து மாட்டினேன். காலையில் பார்த்தால் இரண்டு பேட்டரியும் வயிறு உப்பிக் கிடந்தன. அழுகிய முட்டை நாற்றம்.

தங்கமணி வந்து வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியை முன்னால் தள்ளினாள். அசையவில்லை. "பேட்டரி பழசாயிருச்சோ என்னமோ" என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன். அவள் சார்ஜரை எடுத்து, மேலே படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

"உடுங்க்கா" என்றாள்.

ஒரு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

புது பேட்டரிக்குச் சொல்லிவைத்தேன். வருவதற்குத் தாமதமானது. அதுவரை மறுபடி மொபெட், மறுபடி ஆட்கள் தூக்க வேண்டும், மறுபடி மூடிய கண்கள். மூன்றாவது வாரம் வேலையை விட்டுவிட்டு, வண்டியை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கணியூருக்கே போய்விட்டாள்.

பேட்டரி வந்ததும் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நானே கொண்டுபோனேன். மெக்கானிக் மாட்டும்போது நடந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். "தெரியுமுங்க்கா" என்று காப்பி கொடுத்தாள்.

இன்று அந்தக் காம்பவுண்டு இல்லை, கம்பெனியும் இல்லை. தங்கமணி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்து பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரிக்கிறாள். ஏதாவது வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "ஒன்னும் வேண்டாமுங்க்கா" என்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒரு வேலை சொன்னதில்லை.