பதினாறாம் நாள் மத்தியானம்

இது நடந்தது. என் கண் முன்னால், நான் முழு விழிப்போடு இருந்தபோது, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1966. செம்பூரில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தேன். தாராவியில் விக்டோரியா என்ற குதிரை வண்டி ஓட்டிய இனாயத்துல்லா என் ஊர்ப்பக்கத்து ஆள், கடையநல்லூர். அவனுக்கும் மனைவி சைனபுக்கும் சொத்து என்று இருந்தவை இரண்டே குதிரைகள். மோத்தி என்ற வெள்ளை ஆண் குதிரை. பிஜிலி என்ற கறுப்புப் பெட்டை, அப்போது சினை. ஆறு வருஷமாக நஜிமுதீன் என்பவரின் லாயத்தில் இரண்டும் அடுத்தடுத்து நின்றவை.

அந்த மழைக்காலத்தில் லாயத்தில் நோய் விழுந்தது. முதலில் காய்ச்சல், மூக்கொழுகல். பிறகு பின்னங்கால்கள் பின்னும். மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் குதிரை நாய் மாதிரி உட்காரும், எழுந்திருக்காது. நான்கு குதிரைகள் போய்விட்டன. மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கிருமி, மூச்சில் பரவி நரம்பைப் பிடிக்கிறது, மருந்து கிடையாது என்றார். வேறு குதிரையின் மூக்கோடு மூக்கு படாமல் இருபத்தொரு நாள் தள்ளி வைத்தால் பிஜிலி பிழைக்கலாம் என்றும் சொன்னார்.

இனாயத்துல்லா பிஜிலியை என் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலிக் கொட்டகைக்குக் கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, இதுவும் போச்சுன்னா நானும் சைனபும் நடுத்தெருவுலதான் நிக்கணும். ஒருத்தரையும் கிட்ட விட்டுராதிய."

நான்காம் நாள் லாயத்தில் மோத்திக்குக் காய்ச்சல் வந்தது. மோத்தியைத் தொட்ட கையோடு பிஜிலியிடம் வரக்கூடாது என்று இனாயத்துல்லா கொட்டகைப் பக்கமே வரவில்லை. சாயங்காலம் ரயிலில் வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவான். எனக்குப் பாவமாக இருக்கும்.

பதினைந்து நாள் ஓடியது. பிஜிலிக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

பதினாறாம் நாள். ஜூலை 17, ஞாயிறு. பட்டறைக்கு விடுமுறை. நான் மட்டும் கொட்டகையில் இருந்தேன். சரியான மழை.

மணி 2.52. சத்தம் கேட்டது.

டக்... டக்... ச்ர்ர்ர்...

குளம்புச் சத்தம். முன்னங்கால்கள் சரியாக விழுகின்றன. பின்னங்கால்கள் கல்லில் இழுபடுகின்றன. எவனோ நோய்க் குதிரையை ஓட்டி வருகிறான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

சந்தில் யாருமில்லை.

டக்... டக்... ச்ர்ர்ர்...

சத்தம் என்னைத் தாண்டிப் போனது.

பிஜிலி காதை விடைத்தது. மெல்லக் கனைத்தது. தெரிந்தவர்களைப் பார்த்தால் மட்டும் அப்படிக் கனைக்கும்.

பிறகு அரைக்கதவுக்கு மேலாகக் கழுத்தை வெளியே நீட்டியது.

நான் பார்த்தேன். மழை எல்லா இடத்திலும் விழுந்தது. கதவுக்கு முன்னால் ஒரு இடத்தில் மட்டும்... தரையைத் தொடவில்லை.

ஒரு குதிரை நீளத்துக்கு.

அந்த இடத்தின் பின்பக்கம் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. மூத்திர வாடை.

பிஜிலி மூக்கை எதன் மீதோ வைத்து உரசியது. கண்ணை மூடிக்கொண்டது.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அல்லாவையும் கூப்பிட்டேன், முருகனையும் கூப்பிட்டேன்.

3.07. கயிறு சட்டென்று தளர்ந்தது. அந்த இடத்திலும் மழை விழத் தொடங்கியது.

பிஜிலியின் மூக்கைத் துண்டால் துடைத்தேன்.

கொழகொழவென்று சளி... அவ்வளவு சில்லென்று இருந்தது.

அதிலிருந்து நாலாம் நாள் பிஜிலிக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் பின்னங்கால்கள் பின்னின. ஒன்பதாம் நாள் உட்கார்ந்தது. சாக்கில் தொட்டில் கட்டி, உத்தரத்திலிருந்து தூக்கி நிறுத்திப் பார்த்தோம். பதினோராம் நாள் வயிற்றுக் குட்டியோடு போனது.

இனாயத்துல்லா அழவில்லை.

"யாரை உள்ள விட்டிய அண்ணாச்சி?"

"ஒருத்தரையும் விடலப்பா."

அவன் நம்பவில்லை. வண்டியை விற்றுவிட்டு சைனபோடு ஊருக்குப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது.

செப்டம்பரில் மாதுங்கா டீக்கடையில் நஜிமுதீனைப் பார்த்தேன். நான் பார்த்ததைச் சொல்வதற்கு முன்பே அவராகவே சொன்னார்.

"மோத்தி அந்த ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்குப் போச்சு. மழைல முனிசிபாலிட்டி வண்டி வரல. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம். அஞ்சு மணிக்குத் தூக்கையிலதான் பாத்தேன். பின்னங்கால் லாடம் ரெண்டும் முனையில தேஞ்சு, குளம்பெல்லாம் ரத்தம்."

"பழைய லாடமா இருக்கும், பாய்."

"புது லாடம். காய்ச்சலுக்கு முந்தின நாள் அடிச்சது." டீயை ஊதினார். "சாகுறதுக்கு முந்தி அஞ்சு நாளா அது ஒரு எட்டு வைக்கல."