ஓரச் சிப்பாய்

நேற்று மருமகனின் கைப்பேசியில் செஸ் ஆடினேன். வலது ஓரத்தில் நிற்கும் சிப்பாயை முதல் நகர்வாக இரண்டு கட்டம் தள்ளினேன். உடனே திரையில் ஒரு கேள்விக்குறி வந்தது. மட்டமான நகர்வாம். அதைக் கண்டும் தொடர்ந்து ஆடினேன்.

கண்டியில் நான் கிளார்க்காக இருந்த அலுவலகத்தில், நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவையிலிருந்து வரும் பியோன் ஒருவர் இருந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். ஐந்து வருடமாக நாட்சம்பளம்தான். தேநீர் ஊற்றுவார், கோப்பு தூக்குவார், செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் எங்கள் எல்லோரையும் தின்றுவிடுவார். செஸ் இருந்த கம்ப்யூட்டர் என் மேசையில்தான் இருந்தது. பகல் சாப்பாட்டை அள்ளி விழுங்கிவிட்டு வந்து, "அண்ணே, கொஞ்சம் எழும்புறீங்களா?" என்பார். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

"எல்லாரும் ஆடுற ஆட்டமெல்லாம் இதுக்கு மனப்பாடம்ண்ணே," என்றார் ஒருநாள். "ஓரத்துக் காயைத் தள்ளுனா மனப்பாடம் தப்பிப் போவுது. பொறகு எப்ப ஆடுனாலும் ஒரே பதிலத்தான் சொல்லும். பாருங்க." பார்த்தேன். முதல் நகர்விலிருந்து மாட் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் காட்டினார், பாவி மனுசன். வாரக் கணக்கில் பார்த்ததில் எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

அலுவலகங்களுக்கிடையே செஸ் போட்டி வந்தது. அணியில் ஓர் இடம் மிச்சம். கம்ப்யூட்டரை வெல்பவருக்கு அந்த இடம் என்றார் எங்கள் தலைமை கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். "கொழும்புப் பெரிய ஐயா வருவாராம்ண்ணே. டீம்ல இருந்தா, வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு வார்த்த கேக்கலாம்," என்று பியோன் என்னிடம் மட்டும் சொன்னார். தலைமை கிளார்க் அவர் ஊற்றும் தேநீரைத் தொடமாட்டார். வயிறு சரியில்லை என்று வீட்டிலிருந்து ப்ளாஸ்கில் கொண்டுவருவார். நான் குடிப்பேன். அதனாலேயே நான் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை பதவி வரிசையில் நடந்தது. கிளார்க்குகள் முதலில், பியோன் கடைசி. அதுவரை நான் அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறைகூட வென்றதில்லை. உட்கார்ந்தேன், கை நேரே ஓரச் சிப்பாய்க்குப் போனது. தெரியாமல் போனது என்று இத்தனை வருடம் எனக்கே கதை விட்டிருக்கிறேன். தெரிந்துதான் போனது. வென்றேன், கைதட்டினார்கள்.

கடைசியில் அவர் உட்கார்ந்து அதே காயைத் தள்ளினார். பத்து நகர்வு தாண்டவில்லை, தலைமை கிளார்க் தடுத்தார். "அவர் விளையாடினதைப் பாத்து வைச்சிட்டு அப்பிடியே விளையாடுறாய், என்ன?"

"இது நான் கண்டுபிடிச்சது சேர். அண்ணனுக்குத் தெரியும், கேளுங்க."

"என்ன தம்பி, உண்மையே?" என்று தலைமை கிளார்க் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது சேர்," என்றேன். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவேயில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல என் மேசையில் தேநீர் வைத்தார். "மனுசங்க ஒரே பதிலச் சொல்ல மாட்டாங்க சேர். கவனமா ஆடுங்க," என்றார். அண்ணே போய் சேர் வந்துவிட்டது. அந்தத் தேநீரையும் குடித்தேனே. சீ, என்ன பிறவி நான். போட்டியில் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன். கொழும்புப் பெரியவர் வந்தபோது பியோன் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் ஆட்குறைப்பு என்று அவரை நிறுத்தினார்கள். அதன் பிறகு மஹய்யாவை வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

நேற்றுக் கைப்பேசி என்னைச் சுலபமாகத் தோற்கடித்தது. மருமகன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தோத்தாலும் ஆரம்பம் வித்தியாசமா இருந்திச்சு மாமா. அந்த மொதக் காய் யாரு சொல்லித் தந்தது?"

"யாருமில்ல," என்றேன். "நானே கண்டுபிடிச்சது."