எண்பதைத் தாண்டினால் பாட்டு கேட்காது

தொலைதூரப் பயணத்துக்கான பெரிய பைக்குகளில் பாட்டு செட் மாட்டிக் கொடுக்கிற எங்கள் தொழிலில், வாடிக்கையாளரைக்கூடச் சமாளித்துவிடலாம், காற்றைச் சமாளிக்க முடியாது. கடை வாசலில் தேனாகப் பாடுகிற ஸ்பீக்கர், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊமையாகிவிடும். ஆசையாக வண்டி வாங்கி, நாற்கரச் சாலையில் ஏறியதும் பாட்டைத் தொலைத்துவிட்டு முழித்த என் சக பாவப்பட்டவர்களே, வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் எனக்கு நேர்ந்தவற்றைக் கேளுங்கள்.

காற்றாலைப் பரீட்சை

காதர் பாய்க்கு மேலப்பாளையம். பன்னிரண்டு வருடம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், முதலில் வாங்கியது ஒரு பெரிய பைக். "பாட்டு ஓடுதது தெரியுது அண்ணாச்சி, என்ன பாட்டுன்னுதான் தெரியல" என்று வந்து நின்றார். கம்பெனி கொடுத்த சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றினேன். நல்ல கனமான ஸ்பீக்கர்களை மாட்டி, காற்று புகும் இடுக்கையெல்லாம் பஞ்சு வைத்து அடைத்து, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரை உட்கார வைத்தேன். போட்டுக் காட்டியபோது கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துவிட்டார். பாய் மட்டும் அசையவில்லை. "இங்கன பாடுனா ஆச்சா? முப்பந்தலுக்கு வாரும், பாப்போம்" என்றார்.

ஆடி மாதக் காற்றில் முப்பந்தலில் பஸ்ஸே ஆடும். அங்கே போவதா? சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னால் ஏறினேன். பணகுடி தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. எண்பது. பாட்டு கேட்டது. தொண்ணூறு. வயலின் தனியாகக் கேட்டது! எனக்கு மயிர்க்கூச்செறிந்து பாய் முதுகிலேயே ரெண்டு தட்டுத் தட்டிவிட்டேன். காற்றாலைகளுக்கு நடுவே வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பாய் கத்தினார்: "அல்ஹம்துலில்லாஹ்! பாட்டுக்காரரு மூச்சு வாங்குதது கூட கேக்குது அண்ணாச்சி!"

சீட்டியடித்த வண்டி

விமலா டீச்சர் பாளையங்கோட்டையில் கணக்கு எடுப்பவர். ரெண்டு வருடம் லீவு சேர்த்து, தோழிகள் மூன்று பேரோடு பைக்கிலேயே லடாக் போக நாள் குறித்திருந்தார். விடிந்தால் பயணம். முந்தின நாள் மத்தியானம் செட்டை மாட்டி முடித்து இஞ்சினைக் கிளப்பினால், பாட்டோடு சேர்ந்து ஒரு சீட்டி. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக அதுவும் மேலே ஏறுகிறது, சுருதி பிடிக்கிற மாதிரி.

ஒயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். ஸ்பீக்கரையும் மாற்றினேன். சீட்டி போகவில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டே போகப்போகிறாரே என்று, மாற்றியதையே மறுபடி மாற்ற ஆரம்பித்தேன். டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "பதறாதீங்க. எதையெல்லாம் மாத்துனீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார். சொன்னேன். "எதை மாத்தல?" என்றார். யோசித்துப் பார்த்தால், எர்த் ஒயரை முடுக்கிய போல்ட்டை மட்டும் நான் தொடவே இல்லை. கழற்றினேன். அது இரும்பில் படாமல் பெயிண்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் மறுபடி முடுக்கினேன். இஞ்சின் உறுமியது, பாட்டு மட்டும் சுத்தமாக வந்தது. டீச்சர் ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்து கை தட்டினார்: "விட்டுப்போன ஸ்டெப்புலதான் தப்பு இருக்கும்னு ஏழாங்கிளாஸ் பிள்ளையளுக்குச் சொல்லுதேன், உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கே அண்ணாச்சி!"

குலசையில் மேளம்

தசராவுக்குக் குடும்பத்தோடு குலசேகரன்பட்டினம் போயிருந்தேன். சாயங்காலம். நெற்றி நிறையக் குங்குமமும் முதுகு வரை சடைமுடியுமாக ஒரு காளி கூட்டத்திலிருந்து என்னை நோக்கி ஓடி வந்தது. பயந்துபோய்ப் பார்த்தால், நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டிய நம்ம வாடிக்கையாளர் இசக்கி. அவருடைய தசராக் குழுவின் மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் டயர் வெடித்து நிற்கிறது. நாற்பது நாள் விரதம் இருந்தவர்கள் மேளமில்லாமல் மணலில் நிற்கிறார்கள். "எம் வண்டியில நீரு மாட்டுன செட் இருக்குல்லா வே, என்னமாவது செய்யும்" என்றார் காளி.

இசக்கியின் செல்போனில் அவர்கள் ஒத்திகை பார்த்த மேளம் பதிவாகி இருந்தது. பேட்டரி இறங்கிவிடாமல் இஞ்சினை ஓடவிட்டு, அடித்தொனியை ஏற்றிப் போட்டேன். முதல் அடி விழுந்ததும் மணல் அதிர்ந்த மாதிரி இருந்தது. குழு ஆடத் தொடங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், நானும் என்னை மறந்து ஆடினேனாம். என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அரைமணி கழித்து மேளத்தோடு வந்து சேர்ந்த ஆசான், பைக்கைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன வே, நாங்க வாரதுக்கு முன்னாடியே எங்க அடி வந்து சேந்துட்டு?"

ஒரு காதுக்கு ரெண்டு காது பாட்டு

மாடசாமி அண்ணாச்சி பாபநாசம் வழித்தடத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஸ்பீக்கரோடு வந்தார். "பாதிப் பாட்டுதான் வருது. ரெண்டு கடையில பாத்துட்டு நல்லாத்தான் இருக்குங்கான்" என்றார். நான் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. சுற்றும் பார்த்துவிட்டுப் பைய என் பக்கம் குனிந்தார். "வலது காது போயிட்டுடே. ஜன்னல் பக்கம் முப்பது வருசமா ஹாரன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

வலது பக்க ஸ்பீக்கரில் வருவதையும் சேர்த்து இடது பக்கமே வருகிற மாதிரி செட்டிங்கை மாற்றினேன். ஹாரன் காதில் விழ வேண்டும் என்று சத்தத்தை அளவோடு வைத்தேன். பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பத்து நிமிடம் ஆனது, ஒரு மணி நேரமும் ஆனது, ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. ஒற்றைக் காதோடு ஓட்டுகிறவரைத் தனியாக அனுப்பிவிட்டோமே என்று கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். கடையைச் சாத்திவிட்டுத் தேடிப் போகலாம் என்று சாவியை எடுக்கும்போது போன் அடித்தது. பாபநாசம் போய்ச் சேர்ந்துவிட்டார். தாமிரபரணி இரைச்சலையும் மீறிக் கத்தினார்: "ஏலே, இந்தப் பாட்டுல தபேலா இருக்குலே! இத்தன வருசமா எவனும் சொல்லலியே!"

செட் சரியில்லையென்றால் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வருவார்கள், சரியாக அமைந்துவிட்டால் போன் போட்டாலும் எடுக்கமாட்டார்கள் என்பதால், எங்கள் தொழிலில் ஆளைக் காணோம் என்றால்தான் வேலை நன்றாக முடிந்தது என்று அர்த்தம்.