கீழத்தெருவுக்குப் போன கோயில் சாவி

எங்கள் அண்ணன் சர்வேசுரனுடைய பாதத்தை அடைந்து ஓராண்டு நிறைகிறது. தம்பி என்ற முறையில் அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதியிருப்பேன் என்று இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினரும் நண்பர்களும் எதிர்பார்ப்பீர்கள். புகழ அவரிடம் நிறைய உண்டு. ஆனால் அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

புதுக்கோட்டைக்கு மேற்கே, மழையை நம்பிய எங்கள் சிற்றூரில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு ஏர் பிடித்தார். என்னைப் படிக்க வைத்து வாத்தியார் ஆக்கினார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எங்கள் கோயிலுக்கு உபதேசியாராக நியமிக்கப்பட்டார். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் பூசை வைக்க வருவார். மற்ற நாளெல்லாம் அண்ணன் மந்திரம் சொல்லுவார், ஜனங்கள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லுவார்கள்.

ஒரு சமயம் அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கீழத்தெரு செவத்தியாளுக்குப் பிறந்த பிள்ளை அன்றைக்கே ஞானஸ்நானம் இல்லாமல் இறந்துபோனது. ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்தவர்கள்தாம். ஒருவருக்கும் கை எழவில்லை. திரும்பி வந்த அண்ணன் கோயிலில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

“இத்தன பேரு இருந்தும் தண்ணி ஊத்த ஒரு கை இல்லாமப் போச்சே! ஒங்க மேல தப்பு இல்ல. எல்லாத்தையும் நானே செஞ்சு ஒங்களக் கைப்பிள்ளையா வச்சிருந்துட்டேன்.”

அடுத்த ஞாயிறு முதல் கோயில் சாவி வாரம் ஒரு வீடாகப் போகத் தொடங்கியது. சாவி இருக்கும் வீட்டார்தாம் கோயிலைத் திறக்க வேண்டும், ஜெபமாலை தொடங்க வேண்டும், நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சுவிசேஷத்தைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். ஊரில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அவர்களைச் சேர்த்து வைத்த பிறகே சாவி அடுத்த வீட்டுக்குப் போகும். அண்ணன் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. கோயிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்துவிடுவார். மதலைமுத்து மாமா பாதி மந்திரத்தில் தடுமாறித் திரும்பிப் பார்த்தால், இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமா வேறு வழியில்லாமல் தானே முடிப்பார். ஒரே வருஷத்தில், வாயில்லாப் பூச்சிகள் என்று நான் நினைத்தவர்கள் எல்லாம் வாய் திறந்தார்கள்.

சாவி கீழத்தெருவுக்குப் போகும்வரை எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. செவத்தியாள் வந்து திறக்கும்வரை வாத்தியாராகிய நான் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அன்றைய சுவிசேஷம், ஒரே மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணிடம் இயேசு வந்து நின்றது. “எம்புள்ளைக்கிட்டயும் அவரு இப்படித்தான் வந்து நின்னுருப்பாரு” என்றாள். கோயிலே கண் கலங்கியது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அவள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவன் நான்.

சாமியாருக்கு மொட்டைக் கடுதாசி எழுதினேன். பெண்பிள்ளைகள் பிரசங்கம் செய்கிறார்கள், கோயில் சாவி கண்ட வீட்டிலும் தொங்குகிறது, உபதேசியார் வேதத்தைக் கெடுக்கிறார் என்று.

அண்ணனை மீமிசல் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றினார்கள். சாவி வாத்தியார் வீட்டில் இருக்கட்டும் என்று உத்தரவு வந்தபோது, அது மறுபடியும் செவத்தியாள் முறையில் இருந்தது. நான் தெருவில் நின்றபடி கேட்டேன். அவள் முந்தானையில் துடைத்து, என் கை படாதபடி தரையில் வைத்தாள். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

பல வருஷம் அது என் வீட்டு ஆணியில் தொங்கியது. ஜனங்கள் வந்தார்கள், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நோயாளி வீட்டுக்கு யாரும் போகவில்லை.

சென்ற வருஷம் அண்ணன் நோயோடு, அண்ணியுடன் என் வீட்டுக்கு வந்தார். ஒருநாள் மனசு தாளாமல், “அண்ணே, அந்தக் கடுதாசி...” என்று இழுத்தேன்.

“ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதாடா? சிலேட்டுல ஒன் கையப் பிடிச்சு எழுத வச்சவனே நான்தான். சாமியார் காட்டுனப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“நான் என்னைக்கோ மன்னிச்சாச்சு. எங்கிட்டக் கேட்டு லேசா முடிச்சுக்கலாம்னு பாக்குறியே! சாவிய எந்த வீட்டுல வாங்குனியோ, அங்க போய்க் கேளுடா.”

நான் போகவில்லை. கூச்சம்.

அண்ணனின் கடைசி நாள் மத்தியானம். சாமியாரை அழைக்கப் போன ஆள் திரும்பவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். ஊருக்கே மந்திரம் சொன்ன எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாசலில் செவத்தியாளின் குரல் கேட்டது.

“வாத்தியாரே, உள்ள வரலாங்களா?”

தலையை ஆட்டினேன். அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, உயிர் பிரிவோருக்கான ஜெபத்தைப் புத்தகமில்லாமல், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அண்ணனின் உதடும் கூடவே அசைந்தது. அப்படியே அடங்கிவிட்டார்.

அடக்கத்துக்கு மறுநாள் சாவியோடு கீழத்தெருவுக்குப் போனேன். இந்த முறை வீட்டுக்குள் போய், கடுதாசி எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். செவத்தியாள் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். வாங்கிக் குடித்தேன்.

கடைசிவரை அண்ணனைப் பேணிய அண்ணிக்கும், அடக்கத்தன்று தாங்களே ஜெபம் நடத்திய மீமிசல் பக்கத்து ஜனங்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. அங்கேயும் சாவி வீடு வீடாகப் போகிறதாம். செவத்தியாளுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஊரிலும் சாவி மறுபடி சுற்றுகிறது. என் வீட்டு முறை வர இன்னும் பல வாரம் இருக்கிறது. அதுவரை, திறப்பவர் வரும் வரைக்கும் கோயில் வாசலில் காத்து நிற்கிறேன்.