முத்தையாவின் வால்வுகள்

எழுபத்தாறாம் ஆண்டு ஆடி பிறந்த வாரம், பதுளையில் ஒரு ரேடியோக் கடையில் கண்ணாடிக் குமிழ் வால்வுகள் கொண்ட பழைய ஆம்பிளிபயர் ஒன்றை வாங்கினேன். “பெட்டிதான் கெழடு, கொரலு குமரு” என்று சிரித்தார் கடைக்கார முஸ்லிம் நானா. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்த காலம் அது.

சில நாளில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் முத்தையா வந்தார். கோயில் ஒலிபெருக்கிப் பெட்டியின் டிரான்ஸ்போமர் கருகிவிட்டதாம்.

“திருவிழாவுல மக மொதத் தடவையா பாடுறாங்கய்யா. மேல் லயத்து வீட்டுல படுத்த படுக்கையா கெடக்குற அவ அம்மாவுக்கும் கேக்கணும். உங்க பெட்டிய ஒரு நாளைக்குக் குடுங்கய்யா.”

மழையில் நனைந்து கெட்டுவிடுமே என்று பயந்தேன்.

“வால்வு எரிஞ்சுபோச்சு, முத்தையா” என்று பொய் சொன்னேன்.

திருவிழாவன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ தட்டினார்கள். திறந்தால், துணியில் சுற்றிய இரண்டு வால்வுகளுடன் முத்தையா நின்றார்.

“கோயில் பெட்டியில கழட்டுனது. உங்களுதுக்குச் சேருமான்னு...” என்று தொடங்கியவர், உள்ளே ஒலித்த பாட்டைக் கேட்டு நிறுத்தினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“சரியாயிருச்சுங்களா? நல்லதுங்கய்யா. இதையும் வச்சுக்கங்க.”

பெட்டியை எடுத்துப் போங்கள் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வால்வுகளை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார். அன்று கோயிலிலிருந்து தப்பு மேளச் சத்தம் மட்டுமே என் வீட்டுக்குக் கேட்டது. அந்தப் பெண்ணின் பாட்டு எட்டவில்லை. மேல் லயமோ கோயிலிலிருந்து என் வீட்டைவிடத் தூரம்.

அடுத்த ஆண்டு என் பெட்டியின் வால்வு உண்மையாகவே எரிந்தது. முத்தையா தந்தது அதில் சரியாகப் பொருந்தியது. இன்னும் அதில்தான் பாட்டுக் கேட்கிறேன். சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை.